நடைக்கட்டு

‘வணக்கம், தெய்வசிகாமணி’ என்றது கேட்.

ஏகாம்பரம் சட்டென்று நின்றார். திரும்பிப் பார்த்தார். பின்னால் ஒருவரும் இல்லை. முன்னால் தெரு, தண்ணீர் லாரி சிந்திவிட்டுப் போன ஈரம், அதை நக்கிக்கொண்டிருக்கும் ஒரு நாய். அந்தப் பெயருக்குரிய அண்ணன் எங்கேயும் இல்லை. அண்ணன் என்று நினைத்ததே தப்பு. மேல்வீடு. ஏழு வருஷமாக அந்த ஆளுக்கு அவர் வைத்திருக்கும் பெயர் அதுதான். மேல்வீட்டில் குழாய் ஒழுகுகிறது, மேல்வீட்டில் கருவாடு வறுபடுகிறது, மேல்வீட்டுக்குச் சொல்லி வையுங்கள். பெயரைச் சொல்லாமலே ஏழு வருஷம் ஓட்டியாயிற்று. இன்றைக்கு இரும்புக் கம்பத்தில் ஆணியடித்த ஒரு டப்பா, சர்க்கரைப் பாகில் ஊறப்போட்ட பெண் குரலில், தெருவே கேட்கிற மாதிரி அந்தப் பெயரைச் சொல்கிறது. சொன்னதோடு விடாமல் அவர் தலையில் கட்டுகிறது. “லூர்து!” என்றார். காவல்காரர் லூர்துசாமி கூண்டுக்குள்ளிருந்து வாயில் பிரஷ்ஷோடு எட்டிப் பார்த்தார். “இன்னா சார்?” “உன் டப்பா என்ன உளறுது?” “ஸ்பீக்கர் நேத்து சாயந்திரம்தான் சார் சரி பண்ணாங்க. மழைத்தண்ணி பூந்து ஒரு வாரமா ஊமையா கெடந்துச்சுல்ல. வெறும் பச்சை லைட்டுதான் எரிஞ்சுது. இப்ப பாருங்க, இன்னா அழகா பேசுது.” “அழகாதான் பேசுது. பேரை மாத்திப் பேசுது.” லூர்து நுரையைத் துப்பினார். துப்பியது சுவரில் வழிந்து இறங்குவதைப் பார்க்காமல் இருக்க ஏகாம்பரம் வானத்தைப் பார்த்தார். “அண்ணன் தம்பிதானே சார். அம்மாவே மாத்திக் கூப்ட்டிருப்பாங்க. மெஷின் கூப்ட்டா தப்பா?” இந்த மனுஷனுக்குப் பதில் சொன்னால் பேச்சு வளரும். வளர்ந்த பேச்சு அண்ணன் தம்பி ராசியில் போய் நிற்கும். ஏகாம்பரம் நடந்தார்.

நடந்தால் கணுக்கால் அரிக்கிறது. அந்தப் பட்டை. கறுப்பு ரப்பர், இரண்டு விரல் அகலம், இடது காலில். உள்பக்கம் வியர்வை ஊறி, வெள்ளையாக மாவு மாதிரி ஏதோ பூத்து, கழற்றி முகர்ந்தால் பழைய ஊறுகாய் ஜாடியின் மூடி. முகராமலும் இருக்க முடிவதில்லை. ஒவ்வொரு நாளும் கழற்றி, முகர்ந்து, முகத்தைச் சுளித்துவிட்டுத்தான் குளிக்கப் போகிறார். சங்கத்துச் செக்ரட்டரி பாலமுரளி மொட்டைமாடியில் கூட்டம் போட்டு, ஆளுக்கு ஒன்று கொடுத்து, அரை டிராயரோடு நின்றுகொண்டு பேசினது ஞாபகம் வந்தது. முட்டியில் எவ்வளவு மயிர் அந்தப் பயலுக்கு. “சார், இதுல பேட்டரியே கிடையாது. சார்ஜ் போட வேணாம். நீங்க நடக்க நடக்க அதுலயே கரண்ட் ஊறும். ஒவ்வொருத்தர் நடைக்கும் அந்தக் கரண்ட் ஒவ்வொரு மாதிரி ஏறி எறங்கும். அதை வெச்சே கேட் நம்மளைக் கண்டுபிடிச்சிடும். கார்டு வேணாம், கைரேகை வேணாம். ஒருத்தர் பட்டையை இன்னொருத்தர் மாத்திக் கட்டினாலும் ஏமாறாது. பட்டை மாறும் சார், நடை மாறாது.” கை தட்டினார்கள். எதற்குக் கை தட்டினார்கள்? அட்டை அது. ரத்தம் குடிக்கிற அட்டை இருக்கிறதே, அதுபோல நடையைக் குடிக்கிற அட்டை. மனுஷன் நின்றால் செத்துப்போகும். நடந்தால் பிழைத்துக்கொள்ளும். பிழைத்த கையோடு போய்க் கோள் சொல்லும். யார் வெளியே போனார், யார் உள்ளே வந்தார், பெரியவர் இன்றைக்கு வாக்கிங் போனாரா இல்லையா என்று வெளியூரில் இருக்கும் பிள்ளைகளின் போனுக்குச் செய்தி அனுப்பும். போகவில்லை என்றால் சிவப்பு எழுத்தில் அனுப்பும். உங்களுக்கு யார் நம்பர் சார் போடட்டும் என்று பாலமுரளி கேட்டதற்கு யாரும் வேண்டாம் என்றுவிட்டார். பிள்ளை இல்லை. மனைவி வசந்தா போய்ச் சேர்ந்தாள். மேல்வீட்டுக்குப் பூனாவில் மகள் இருக்கிறாள், அரசி. அவள் நம்பரைக் கொடுத்துக்கொண்டிருந்தது மேல்வீடு, ஒவ்வொரு எண்ணாக, சத்தமாக, ஏதோ பரிசு வாங்குகிற மாதிரி. இந்த எழவுக்குப் பெயர் வைத்தது லூர்து. பாலமுரளி இங்கிலீஷில் சொன்னது வாயில் நுழையாமல் நடைக்கட்டு என்றார். அதுவே நிலைத்துவிட்டது. நடைக்கட்டு கட்டிட்டீங்களா? ஐயோ, நடைக்கட்டை பாத்ரூம்லயே வெச்சிட்டேன். ஏகாம்பரம் மட்டும் பட்டை என்பார். அந்த வார்த்தை அவர் வாயில் வராது. ஏன் வராது என்பது வேறு விஷயம். அதை இப்போது எடுக்க வேண்டாம்.

தெருமுனையில் ரயில்வே காம்பவுண்டுச் சுவர். அதைத் தொட்டுவிட்டுத் திரும்புவார். சுவரை எவனோ மூத்திரம் பெய்து பெய்து அரித்து வைத்திருக்கிறான் என்பதால் உயரமாக ஒரு செங்கல்லைத் தேர்ந்தெடுத்துத் தொடுவார். அதுவரை போகவேண்டும். கால் ஆணி குத்துகிறது. வலது பாதத்தில், பெருவிரலுக்குக் கீழே. பிளேடால் சீவப்போய் சீழ் வைத்துக்கொண்டது. பிளாஸ்திரி நனைந்து, ஓரம் சுருண்டு, சுருண்ட இடத்தில் புழுதி கறுப்பாக அப்பிக்கொண்டு, குனிந்து பார்த்தால் யாரோ செத்தவன் கால் மாதிரி இருக்கிறது. ஷூ ஏறவில்லை. மழைக்கு முந்தின நாள் வாக்கிங் போய்வந்த பிறகு பீரோவுக்கு அடியிலிருந்து ரப்பர் செருப்பை இழுத்தார். அன்றிலிருந்து இதுதான். இதைப் போட்டால் கால் தூக்க வரவில்லை. இழுக்கிறது. சரக், சரக். அவருக்கு இந்தச் சத்தம் தெரியும். அப்பா சந்தில் நுழையும்போதே இது வந்துவிடும். குதிகாலைத் தரையிலிருந்து பிரிக்கத் தெரியாத நடை. தூக்கினால் கீழே இருக்கிற மண்ணை எவனாவது அடித்துக்கொண்டு போய்விடுவான் என்கிற மாதிரி நடை. பள்ளிக்கூடத்துப் பையன்கள் அப்பா பின்னாலேயே அதே மாதிரி இழுத்துக்கொண்டு போவார்கள். சட்டைப்பையில் கை விட்டுக்கொண்டு, தலையைத் தொங்கப்போட்டு, சரக், சரக். அதைப் பார்த்து மேல்வீடு சிரிக்கும். அதுவும் அதே நடைதான் நடக்கும், நடந்துகொண்டே சிரிக்கும், வெட்கங்கெட்ட ஜென்மம். ஏகாம்பரத்துக்கு அப்போதே உடம்பெல்லாம் கூசும். நான் இப்படி நடக்கமாட்டேன் என்று பதினைந்து வயதில் தீர்மானம் பண்ணினார். குதிகாலைத் தூக்கி, முழங்காலை மடக்கி, ஒரு அடி, இன்னொரு அடி, ஆள் இல்லாத நேரமாகப் பார்த்து நடந்து நடந்து பழகினார். பழகினது நின்றுவிட்டது. வேலைக்குச் சேர்ந்த இடத்தில் பட்டாளத்தில் இருந்தீர்களா என்று கேட்டார்கள். கல்யாணமான புதிதில் வசந்தாகூடக் கேட்டாள், ஏன் இப்படி யாரையோ அடிக்கப் போற மாதிரி நடக்கிறீங்க என்று. அத்தனை வருஷத்து நடை. ஒரு கால் ஆணியும் ஒரு ரப்பர் செருப்பும் சேர்ந்து ஒரே வாரத்தில் அதை உரித்துப் போட்டுவிட்டன. உள்ளே பார்த்தால் அப்பா. தோலுக்கு அடியில் இத்தனை நாளும் உட்கார்ந்திருந்திருக்கிறார், கம்மென்று. சே.

சுவர் வந்தது. தொட்டார். விரலில் என்னவோ ஒட்டியது, வேட்டியில் துடைத்தார், வேட்டியில் ஒட்டியது. திரும்பினார். கேட்டுக்குப் போகும்போது அந்த டப்பாவுக்குக் காட்டிவிட வேண்டும். நான் யார் என்று காட்டிவிட வேண்டும். குதிகாலைத் தூக்கினார். ஆணி மூளைவரை குத்தியது. தூக்கினார். அவருக்கா கேட்டைப் பற்றித் தெரியாது? ஸ்டேஷன் வாசலில் கறுப்புக் கோட்டு போட்டுக்கொண்டு எத்தனை வருஷம் நின்றிருக்கிறார். டிக்கெட்டை வாங்கிப் பார்ப்பதெல்லாம் சும்மா. ஆள் பத்தடி தூரத்தில் வரும்போதே தெரிந்துவிடும். டிக்கெட் இருக்கிறவன் எப்படி வேண்டுமானாலும் நடப்பான். மூக்கை நோண்டிக்கொண்டு நடப்பான், மூட்டையைத் தூக்கமுடியாமல் கோணிக்கொண்டு நடப்பான். டிக்கெட் இல்லாதவன் ஒழுங்காக நடப்பான். நேராகப் பார்த்து, கையை வீசி, கல்யாண மாப்பிள்ளை மாதிரி. அவன் நடையில் ஒரு பிழை இருக்காது. அப்படிப்பட்டவனைத்தான் நீ வா இப்படி என்பார். இப்போது குதிகாலைத் தூக்கி, பல்லைக் கடித்து, மார்பை நிமிர்த்தி, தன் நடையைத் தானே நடித்துக்கொண்டு போகும்போது அது ஞாபகம் வந்தது. எதிரே நான் கோட்டு போட்டுக்கொண்டு நின்றால் என்னை நிறுத்தியிருப்பேன். நீ வா இப்படி. யாருடைய நடை இது? டிக்கெட் எங்கே? உடம்பு வியர்த்தது. அக்குளில் இருந்து ஒரு சொட்டு விலா எலும்பு வழியாக மெதுவாக, எறும்பு இறங்குவதுபோல இறங்கியது. நாய் இன்னும் அதே ஈரத்தை நக்கிக்கொண்டிருந்தது. பச்சை விளக்கு எரிந்தது. ‘வணக்கம், தெய்வசிகாமணி. இன்று உங்கள் நடை மிகவும் நன்றாக இருக்கிறது.’

லூர்து சிரித்த சிரிப்பில் புரையேறிவிட்டது. “சர்ட்டிபிகேட்டே குடுத்துருச்சு சார்!” “அதை அடிச்சு உடைச்சிடுவேன்.” “உடைங்க. பாலமுரளி சார் கேட்டா மேல்வீட்டுப் பெரியவர் உடைச்சாருன்னு சொல்றேன். மெஷினும் அதைத்தானே சொல்லும்.” ஏகாம்பரம் கூண்டின் ஜன்னலைப் பிடித்துக்கொண்டார். “என் பேரு எங்க போச்சு? பாரு அதுல.” லூர்து திரையைத் தடவித் தடவிப் பார்த்தார். எச்சில் தொட்ட விரல். “உங்க பேரு ஒரு வாரமாவே இல்ல சார். மழைக்கு முந்தின நாளு கடைசி.” “ஒரு வாரமா நான் தினம் போறேன், வர்றேன்.” “போறீங்க. இதுல இல்ல. இதுக்கு நீங்க ஒரு வாரமா நடக்கவே இல்ல.” ஒரு வாரம். ஒரு வாரம் நான் இல்லை. ஒரு சிவப்பு எழுத்தும் எங்கேயும் போகவில்லை. போக நம்பர் இல்லை. அது சரி. யாரும் வேண்டாம் என்று சொன்னது நான்தானே. சரிதான். லூர்து இன்னும் தடவிக்கொண்டிருந்தார். “ஆனா பெரியவரு டெய்லி ரெண்டு தபா வாக்கிங் போயிருக்காரு சார், இந்த வயசுல. உங்க தபா ஒண்ணு, அவரு தபா ஒண்ணு, ரெண்டையும் அவரு கணக்குலயே எழுதிருச்சு போல. நேத்துதான் ஒரு தபா. இன்னிக்கும் ஒண்ணுதான்.” பிறகு திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னார். “நேத்து ராத்திரி அரசியம்மா பூனாலேர்ந்து கேட்டுக்குப் போன் பண்ணாங்க. அப்பா போனை எடுக்கல, நல்லாருக்காரான்னு. நான் லீவு முடிஞ்சு நேத்து சாயந்திரம்தான் வந்தேன், எனக்கின்னா தெரியும். இதைப் பாத்தேன். காலைல வாக்கிங் போயிருக்காரும்மான்னேன். எனக்கும் மெசேஜ் வந்துச்சு லூர்து, என் மேல ஏதாவது கோவமா இருக்கும், விடுன்னு வெச்சிட்டாங்க.” 

நல்லது. ஏகாம்பரம் உள்ளே போனார். எனக்கென்ன. தளத்தில் காரைக் கழுவின சோப்புத் தண்ணீர் நின்றது. அதில் மிதிக்காமல் ஓரமாகப் போனார். நேற்று ஒரு தடவை. அது நான். எனக்கென்ன. மேல்வீட்டுக்குச் சளி பிடித்திருக்கும், நடக்கப் போயிருக்காது. போனை எங்காவது வைத்துவிட்டுத் தேடிக்கொண்டிருக்கும். வேலைக்காரப் பெண் தங்கை கல்யாணம் என்று ஊருக்குப் போயிருக்கிறாள் என்று லிஃப்டில் யாரோ பேசிக்கொண்டார்கள். அதுவும் எனக்கென்ன. லிஃப்ட் மேலேயே நின்றுகொண்டிருந்தது. பொத்தானை அழுத்தினார். வரவில்லை. ஒரு மாடிதானே. படியில் ஏறினார். சரக், சரக். படிக்கட்டுக் கூண்டுக்குள் அந்தச் சத்தம் இரண்டு மடங்காகக் கேட்டது. மேலிருந்து ஒருவர் இறங்கி வருகிற மாதிரி கேட்டது. நின்றார். அதுவும் நின்றது. சே. தினமும் காலை ஐந்து மணிக்குத் தலைக்கு மேலே இதுதான். மேல்வீட்டுக் கூடம் அவருடைய கூடத்துக்கு நேர் மேலே. அப்பா வீட்டை இடித்துக் கட்டியபோது ஆளுக்கு ஒரு வீடு என்று பில்டர் கொடுத்தான். ஒன்றன்மேல் ஒன்றாகவா கொடுப்பான் மடையன். சரக், சரக், சமையலறைக்கு. சரக், சரக், பால்கனிக்கு. நடுவில் ஒரு காறல், வயிற்றுக்குள்ளிருந்து எதையோ வேரோடு பிடுங்குகிற காறல். காபித் தம்ளரைக் கையில் பிடித்துக்கொண்டு அது முடிகிறவரை குடிக்காமல் காத்திருப்பார். குடித்தால் காபியில் வந்து விழும் போல இருக்கும். துடைப்பக்கட்டையால் விட்டத்தை இடித்துக்கூடப் பார்த்திருக்கிறார். நேற்று அது இல்லை. நேற்றுக் காபி எவ்வளவு நாளைக்கு அப்புறம் காபியாக இருந்தது. இரண்டாவது தம்ளர்கூடக் குடித்தார். மகள் துணிச்செருப்பு வாங்கி அனுப்பியிருப்பாள் என்று நினைத்துக்கொண்டார். இன்றைக்கும் இல்லை. செருப்புதான் துணி. காறலுமா துணி?

தன் வீட்டு வாசலுக்கு வந்துவிட்டார். சாவியைப் போட்டார். திருப்பவில்லை. சாவி பூட்டில், கை சாவியில், கண் கூரையில். சுண்ணாம்பில் ஒரு விரிசல். எப்போதும் இருப்பதுதான். கேட்கிறதா என்று பார்த்தார். கேட்கவில்லை. கேட்கவில்லை என்பதைக் கேட்பதற்கு இவ்வளவு நேரம் பிடிக்கிறது. எனக்கென்ன. அந்த ஆள் என்னிடம் வந்தானா? வசந்தாவின் பதினாறாம் நாளில் பந்தியில் உட்கார்ந்து, பாயசத்தை இலையில் ஊற்றச் சொல்லி, அப்பளத்தை அதில் நொறுக்கிப் போட்டு, ஐந்து விரலையும் குழப்பி, உறிஞ்சின உறிஞ்சல் கூடம் முழுக்கக் கேட்டது. முழங்கை வரைக்கும் வழிந்தது. அதையும் நக்கினான். இரண்டாவது தடவை ஊற்றச் சொன்னான். மூன்றாவது தடவையும். ஊற்றினவனிடம், வசந்தா வெச்சா இன்னும் கொஞ்சம் ஏலக்காய் போடுவா என்றான். செத்து பதினாறு நாள் ஆனவளுடைய கைப்பக்குவத்தை அவள் படத்துக்கு முன்னால் உட்கார்ந்து, தின்றுகொண்டே. ஏகாம்பரம் பரிமாறுவதை நிறுத்தினார். சாம்பார் வாளியோடு போய் எதிரே நின்றார். தின்னாச்சுல்ல? நடையைக் கட்டு. அவ்வளவுதான் சொன்னார். மூத்தவனைப் பார்த்து, ஊர் சனத்துக்கு நடுவில், வேலைக்காரனைத் துரத்துவதுபோல நடையைக் கட்டு என்றார். தப்பே இல்லை. இன்றைக்கும் அதையேதான் சொல்வார். அந்த ஆள் இலையை மடித்தான். தன் பக்கமாக மடித்தான், சாவுச் சோற்றுக்கு எந்தப் பக்கம் மடிக்கிறது என்றுகூடத் தெரியாமல். கையைக் கழுவினான். வாசலில் செருப்பை மாட்டினான். சரக், சரக், படியில் ஏறி, மேலே, கதவு. அதோடு சரி. நடையைக் கட்டிவிட்டான். அந்த ஆள் வேறே எதையும் அவர் சொல்லிக் கேட்டதில்லை, அந்த ஒன்றை மட்டும் கேட்டான். ஏலக்காய். அவள் போடுவாள்தான். தூக்கலாகப் போடுவாள். இவருக்குப் பிடிக்காது, வேண்டாம் என்றாலும் போடுவாள், மேலே ஒரு கிண்ணம் கொடுத்தனுப்ப வேண்டும், அவருக்கு ஏலக்காய் வாசனை வந்தாத்தான் பாயசம் என்பாள். அதை எதற்கு இப்போது. சாவியைத் திருப்பினார். எதிர்ப்பக்கமாகத் திருப்பினார். உருவினார்.

மேலே போகும் படியில் அவர் கால் வைத்து ஏழு வருஷம். மொட்டைமாடிக்குப் போக வேண்டுமென்றால்கூட லிஃப்ட். மேல்வீட்டுத் தளத்தை லிஃப்ட் கடக்கும்போது தரையைப் பார்த்துக்கொள்வார். செருப்பு இழுத்தது. ஆணி ஒவ்வொரு படியிலும் ஒரு தடவை உயிரை எடுத்தது. குதிகாலைத் தூக்க அவர் முயலவில்லை. கதவு சாத்தியிருந்தது. கதவடியில் இரண்டு பால் பாக்கெட். ஒன்று இன்றைக்கு வந்தது. இன்னொன்று நேற்றையது, வயிறு ஊதி, ஓரம் பிய்ந்து, மஞ்சளாகக் கசிந்து, கசிவில் எறும்பு. நாற்றம். மூக்கைப் பொத்திக்கொண்டார். பொத்திய பிறகு கையை எடுத்தார். பால்தானா? குனிந்து, கதவுக்கும் தரைக்கும் நடுவில் மூக்கை வைத்து, பட்டையை முகர்கிற மாதிரி, முகராமல் இருக்க முடியாத மாதிரி முகர்ந்தார். புளிப்பு. பால். வேறொன்றும் இல்லை. இருக்குமா? இரண்டு நாளில் வந்துவிடுமா? மழை பெய்து குளிர்ந்து கிடக்கிறது, தாமதமாகத்தான் வரும். என்ன நினைக்கிறேன் நான். இரண்டு நாளாக இவன் நடையை நான் நடந்து, இவன் கணக்கில் எழுதி, இவன் மகளுக்கு அனுப்பி. அட்டை குடித்தது என் காலில், ஏப்பம் விட்டது இவன் பெயரில். கதவைத் தட்டினார். மறுபடி தட்டினார். கூப்பிட வேண்டும். என்னவென்று கூப்பிடுவது? மேல்வீடே என்றா? வாயைத் திறந்தார். அந்த வார்த்தைக்கு நாக்கு மேல் அண்ணத்தைத் தொட வேண்டும், தொட்டது, ஒட்டிக்கொண்டது, வரவில்லை. செருமினார். செருமல் அந்தக் காறல் மாதிரியே இருந்தது.

“ஏகாம்பரமா?”

உள்ளேயிருந்து. தரை மட்டத்திலிருந்து. காய்ந்த இலையை நசுக்கின மாதிரி ஒரு குரல். ஏகாம்பரம் கதவில் கை வைத்துக்கொண்டார். “யாருன்னு தெரியுதா?” என்றார். என்ன கேள்வி இது, மடத்தனமான கேள்வி. உள்ளே தரையில் துணி உரசியது. அப்புறம், “படியேறும்போதே… உன் நடைதான்… எதையோ நெனச்சுக்கிட்டு நடப்பியே…” மூச்சு. “இடுப்பு போச்சுடா. எழுந்திருக்க முடியல. நேத்துலேர்ந்து. தண்ணி…” “சாவி?” “உள்தாப்பா.” பத்தடி தூரத்தில் வைத்துப் பார்த்தும் டப்பாவுக்குத் தெரியவில்லை. இவன் இடுப்பொடிந்து தரையில் கிடந்துகொண்டு, கதவுக்கு அந்தப்பக்கம், கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிட்டான். ஏகாம்பரம் படிக்கட்டுக் கைப்பிடிக்கு ஓடினார். ஓட்டமா அது, சரக் சரக் சரக். கீழே குனிந்து கத்தினார். “லூர்து! கடப்பாரை எடுத்துக்கிட்டு மேல வா! ஆம்புலன்சுக்குப் போன் போடு!” கீழே கதவுகள் திறந்தன. பின்னால், உள்ளேயிருந்து, இருந்த குரலையெல்லாம் சுரண்டிச் சேர்த்தது போல அது வந்தது. 

“டேய்… நடையைக் கட்டிடாதடா.”

ஏகாம்பரம் திரும்பினார். அந்த வார்த்தையைத் திருப்பிக் கொடுக்கிறானா, கேட்கிறானா, இவனுக்கு அது ஞாபகமாவது இருக்கிறதா, அல்லது யார் வாயிலும் வருகிற வெறும் பேச்சா? கதவுக்கு வந்தார். ஏதாவது சொல்ல வேண்டும், இங்கேயேதான் இருக்கிறேன் என்று சொல்ல வேண்டும். “அண்” என்று வந்தது. மீதி வரவில்லை. உள்ளே மூச்சு இழுப்பது கேட்டது, நின்றது, மறுபடி இழுத்தது. ஆள் தூங்கிவிடக் கூடாது. பேச்சு கொடுக்கவேண்டும் என்பார்கள். ஏழு வருஷத்துப் பேச்சில் எதை எடுத்துக் கொடுப்பது. கீழே பார்த்தார். கணுக்காலில் பட்டையின் பச்சைப் புள்ளி மினுக் மினுக்கென்றது, ஓடினதில் நன்றாகக் குடித்திருக்கிறது. பூனாவில் அவள் போனில் இப்போது வந்திருக்கும், அப்பா சுறுசுறுப்பாக நடக்கிறார் என்று. உட்கார்ந்தார். கொக்கி வழுக்கியது. நகம் மடங்கியது. பிய்த்தார், தோலோடு சேர்த்துப் பிய்த்தார். நாற்றம் குப்பென்று வந்தது. இந்தத் தடவை முகர்ந்து பார்க்கவில்லை. அதைத் திரிந்த பாலில் விட்டெறிந்தார். பச்சைப் புள்ளி இரண்டு தடவை எரிந்தது, அணைந்தது. எழுந்தார். கதவுக்கு இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரத்துக்கு நடந்தார். குதிகாலைத் தரையில் வைத்து அழுத்தி, நன்றாகக் கேட்கிற மாதிரி, வேண்டுமென்றே இழுத்தார். சரக், சரக். உள்ளே விரலால் தரையைத் தட்டுவதுபோல ஒரு சின்னச் சத்தம் வந்தது. திரும்பி நடந்தார். சரக், சரக். மறுபடி ஒரு தட்டு. கீழே லூர்து கடப்பாரையைப் படியில் இடித்துக்கொண்டு ஏறிவருவது கேட்டது. ஆணி உடைந்து பிளாஸ்திரிக்குள் வெதுவெதுப்பாக என்னவோ ஊறியது. அப்பா நடை. கேவலமான நடை. நிறுத்தவில்லை.